பூங்கா நிதியில் ஒரு சம்பளம்

நான் வேலை செய்வது எங்கள் பிரதேச சபையின் சிறுவர் பூங்காவில். நான்கு ஊஞ்சல், இரண்டு சறுக்கு, பிள்ளைகள் ஏறிச் சுற்றுகிற ஒரு இரும்பு வட்டம், சுற்றிவரக் கம்பிவேலி. காலையில் கேற்றைத் திறந்து சருகு கூட்டுவேன். பூமரங்களுக்குத் தண்ணீர் விடுவேன். பின்னேரம் பிள்ளைகள் வந்தால் விழுந்து காயப்படாமல் பார்ப்பேன். பொழுதுபட முன்னர் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன். அதிகம் கதைக்கத் தேவையில்லாத வேலை. எனக்கு அது பொருந்தும். நாலு பேர் கூடி நின்றால் எனக்கு வாய் திறக்காது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

சபையின் பூங்கா என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் என் சம்பளம் சபையின் காசு அல்ல. கனடாவில் இருக்கும் ஒருவர் தன் தாயாரின் நினைவாகச் சபைக்கு ஒரு தொகை கொடுத்து இந்தப் பூங்காவைக் கட்டுவித்தார். கட்டி மிஞ்சியதை வங்கியில் நிலையான வைப்பில் போட்டு, அதன் வட்டியில் பூங்காவைப் பராமரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்த வட்டியிலிருந்துதான் எனக்குச் சம்பளம் வருகிறது.

"நீ சபையிலை வேலை செய்யேல்லைப் பிள்ளை, செத்துப்போன மனுசியிட்டை வேலை செய்யிறாய்" என்று குப்பை ரக்ரர் ஓட்டுகிற அண்ணை பகிடி விடுவார். நானும் சிரிப்பேன். அது பகிடி இல்லை என்று தெரியவர மூன்று வருடம் எடுத்தது.

முன்பு நான் சந்தை கூட்டினேன். அமைய அடிப்படையில் எடுத்திருந்தார்கள். அதாவது வேலை செய்த நாளுக்குக் கூலி; நிரந்தரமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. என் கணவர் மேசன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காங்கேசன்துறைப் பக்கம் இராணுவம் விட்ட காணிகளில் ஆட்கள் திரும்பி வந்து வீடு கட்டத் தொடங்கிய காலத்தில் அவருக்கு ஓயாத வேலை இருந்தது. அங்கேதான் ஒரு நாள் கட்டடச் சாரம் சரிந்து விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. இப்போது கோலூன்றி வீட்டுக்குள் நடப்பார், முற்றம் வரைக்கும் வருவார். வேலைக்குப் போக ஏலாது.

அவர் விழுந்தது நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். மாவும் இல்லை, காஸும் இல்லை. சபையிலும் காசு இல்லை. சந்தைக் குத்தகைக்காரர் கட்டவில்லை, சனம் வீட்டுக்குரிய சோலைவரி கட்டவில்லை. எங்கள் கூலி முதலில் ஒரு மாதம் பிந்தியது, பிறகு இரண்டு மாதம். ஒவ்வொரு நாளும் சபைக் கந்தோர் வாசலில் போய் நிற்போம். ஒன்றும் கேட்காமல் திரும்பி வருவோம்.

சம்பளப் பட்டியல் எழுதுகிற பிள்ளை உரும்பிராயிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். வயதில் எனக்கு மகள் போல. கந்தோரில் எல்லோருக்கும் அவள் மிஸ். தனியாக நிற்கும்போது நான் பிள்ளை என்பேன். ஒரு நாள் யன்னலுக்குள்ளால் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்த மாசமும் சபை நிதியிலை காசில்லை. எப்ப வருமெண்டு எனக்கே தெரியேல்லை. அண்ணைக்கு எப்பிடி?"

"அப்பிடியேதான் பிள்ளை. நாளைக்குக் கிளினிக்."

அவள் கொஞ்ச நேரம் பேனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பூங்காவிலை நிண்ட ஐயா விலகிட்டார். உந்த நிலையான வைப்புக்கு இப்ப வட்டி ஏறிப்போய்க் கிடக்கு. அந்த நிதியாலை ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுத்தாலும் மிஞ்சும். உங்களை அந்தப் பட்டியலுக்கு மாத்திவிடட்டே? ஒவ்வொரு மாசமும் இருபத்தைஞ்சாம் திகதி பிழைக்காமல் வரும்."

"மாத்தினா வேறை ஏதும் பிரச்சினை வருமோ?"

"என்ன பிரச்சினை அக்கா? எல்லாம் ஒரே சபைதானே. நிலைமை சீரானாப் பிறகு திருப்பி மாத்தலாம்."

அவள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. செயலாளரிடம் கையெழுத்து வாங்கி, அடுத்த கிழமையே என்னைப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டாள். சொன்னபடி இருபத்தைந்தாம் திகதி சம்பளம் வந்தது. அன்று மருந்தும் வாங்கி, ஒரு இறாத்தல் பாணும் சீனியும் வாங்கிக்கொண்டு வந்தேன். என் கணவர் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டு, "அந்தப் பிள்ளை நல்லா இருக்கோணும்" என்றார். நானும் அன்றிரவு செபத்தில் அவளை நினைத்தேன்.

சந்தையில் நின்றவர்களுக்குப் பொறாமைதான். "இஞ்சை நாங்கள் கடன் சொல்லி மா வாங்கிறம், உனக்கு டொலர்ச் சம்பளம்" என்பார் ரக்ரர் அண்ணை. "கனடாக்காரி வாறா, வழி விடுங்கோ" என்று சந்தை கூட்டுகிற ஒருத்தி ஒதுங்கி நின்று கும்பிடுவாள். எனக்கு வெட்கமாக இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடுவேன்.

ஒரே கட்டடத்தில், ஒரே வங்கியில் காசு வைத்திருக்கிற சபையில் எனக்குச் சம்பளம் வருகிறது, அவர்களுக்கு வரவில்லை. அது எப்படி என்று ஒருமுறை அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். பூங்காவில் மதியம் ஆளில்லாத நேரம் அவள் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து மர நிழலில் இருப்பாள்.

"சபைக்கு ஒரு பொக்கற் இல்லை அக்கா, கனக்கப் பொக்கற்" என்றாள். "சபை நிதி ஒண்டு. அதுக்குள்ளை வரி, வாடகை, சந்தைக் குத்தகை எல்லாம் வரும். தெருவிளக்கு, ரக்ரருக்கு டீசல், அவையின்ரை கூலி எல்லாம் அதாலை போகும். பிறகு றோட்டுக்கெண்டு கொழும்பிலையிருந்து வாற காசு ஒண்டு. கடைக்காரர் கட்டின முற்பணம் ஒண்டு. அது எங்கடை காசே இல்லை, ஒரு நாளைக்குத் திருப்பிக் குடுக்கோணும். பிறகு உங்கடை பூங்கா. ஒண்டிலை காசு நிறைஞ்சு வழியும், மற்றதிலை ஓட்டை. எண்டாலும் இதிலையிருந்து எடுத்து அதிலை போடேலாது."

வருட முடிவில் கணக்கு எழுதும்போது ஒவ்வொரு நிதிக்கும் தனித்தனியாக வரவு, செலவு, மிச்சம் காட்ட வேண்டுமாம். எல்லாவற்றையும் கூட்டி ஒரு பெரிய தொகையும் கடைசியில் வருமாம். அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுச் சபையிடம் காசு கிடக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றாள். கிடக்கிற காசு முழுவதிலும் ஏற்கெனவே ஒவ்வொரு ஆளின் சொல் கட்டியிருக்கிறது. யார் எதற்குக் கொடுத்தார்களோ, அதற்கு மட்டும்தான்.

எனக்கு அது விளங்கியது. எங்கள் தேவாலயத்திலும் கட்டட நிதி வேறு, ஏழைகள் நிதி வேறு. என் கணவர் விழுந்தபோது கட்டட நிதியில் புது மணிக்கூண்டுக்கென்று காசு சேர்ந்திருந்தது. ஏழைகள் நிதி அந்த வருடம் முடிந்துபோயிருந்தது. போதகர் ஐயா தன் சொந்தக் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். மணிக்கூண்டுக்குக் கொடுத்தவர்களின் காசை ஆசுபத்திரிக்கு எடுத்தால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அது சரிதான் என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். சரியாக இருக்கிற ஒன்று ஒரு மனுசரை இப்படி நசுக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை.

பூங்காவின் மண்வெட்டி, விளக்குமாறு, கைவண்டி எல்லாவற்றிலும் சிவப்புப் பெயின்றால் 'பூ.நி.' என்று எழுதியிருக்கும். பூங்கா நிதியில் வாங்கியவை என்று அர்த்தம். ஒரு மாரியில் மூன்று நாள் விடாமல் மழை. சந்தை வாய்க்கால் கோவா இலையும் பைகளும் அடைத்து, தண்ணீர் மரக்கறிக்காரரின் சாக்குகளுக்குள் ஏறிவிட்டது. ரக்ரர் அண்ணை பூங்கா வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, ரெண்டு பேர் வரேல்லை. வந்து ஒரு கை குடு."

"நான் வரலாமோ அண்ணை?"

"கோதாரி, வாய்க்காலுக்கு என்ன தெரியும் நீ எந்த நிதியெண்டு? வா."

போனேன். கைவண்டியையும் தள்ளிக்கொண்டு போனேன். மத்தியானம் வரைக்கும் முழங்கால் தண்ணீரில் நின்று அள்ளினோம். அந்தக் கிழமை கந்தோரில் கணக்காய்வு நடந்துகொண்டிருந்தது. கணக்காய்வுக்கு வந்த உத்தியோகத்தர் ஒருவர் வாழைப்பழம் வாங்கச் சந்தைக்கு வந்தவர், கைவண்டியில் இருந்த சிவப்பு எழுத்தைக் கண்டுவிட்டார். "பூ.நி. எண்டால் என்ன?" என்று பழக்கடைக்காரரிடம் கேட்டாராம். அவர் சும்மா இராமல் முழு விளக்கமும் கொடுத்திருக்கிறார்.

இரண்டு நாளில் கேள்வி எழுத்தில் வந்தது. பூங்கா நிதியில் சம்பளம் பெறும் ஆள் சந்தையில் ஏன் வேலை செய்தார்? செயலாளர் என்னைக் கூப்பிட்டார். கடுமையான மனுசர் இல்லை. கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

"உங்களிலை பிழையில்லை அம்மா. ஆனா பூங்காவின்ரை ஆள் சந்தையிலை நிண்டா, ஒரு நிதியின்ரை காசை இன்னொண்டுக்குப் பாவிச்சதாத்தான் கணக்கிலை வரும். இனிப் போகாதேங்கோ. வாய்க்கால் பெருகினாலும் போகாதேங்கோ."

அந்தப் பிள்ளைதான் பதில் எழுதினாள். என் அரை நாள் கூலியைச் சபை நிதியிலிருந்து எடுத்துப் பூங்கா நிதியில் திருப்பிப் போட்டாள். அதோடு கேள்வி முடிந்தது. அதன் பிறகு சந்தையில் என்ன நடந்தாலும் நான் வேலிக்கு இந்தப் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணையும் கூப்பிடுவதை விட்டுவிட்டார். ரக்ரரில் போகும்போது கையை மட்டும் காட்டுவார்.

நிலைமை சீரானது. வரிசைகள் போய்விட்டன. சந்தைக் கூலியும் ஒழுங்காக வரத் தொடங்கியது. "இனி மாத்தலாமோ பிள்ளை?" என்று கேட்டேன். அவள் முகம் அவ்வளவு நன்றாக இல்லை. அமைய ஊழியர் எவரையும் சபை நிதிக்குப் புதிதாகச் சேர்க்கக்கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. என்னைத் திருப்பி மாற்றினால் அதுவும் புதிதாகச் சேர்த்ததாகத்தான் வருமாம். "கொஞ்சம் பொறுப்பம் அக்கா" என்றாள். பொறுத்தோம்.

அதற்குப் பிறகுதான் ஒரு சுற்றறிக்கை வந்தது. கடைசி மூன்று வருடம் விடாமல் வேலை செய்த அமைய ஊழியரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். வயது கூடியவர்களையும் இந்த ஒருமுறை எடுப்பார்கள். இனி இப்படி ஒன்று வராது. நிரந்தரமானால் அறுபதில் ஓய்வூதியம் உண்டு. நான் ஐம்பதைத் தாண்டியவள். வீட்டில் இருப்பவர் இனி உழைக்க மாட்டார். அறுபதுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் எதைச் சாப்பிடுவது என்ற கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே பதில் அந்தக் கடதாசிதான். என் கணவர் அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் தரம் வாசிக்கும்போதுதான் ஒரு வரி எங்கள் இருவருக்கும் உறைத்தது. 'சபை நிதியிலிருந்து வேதனம் பெறும்' ஊழியர்.

"நீயும் சபைதானேயப்பா?" என்றார் அவர்.

நான் கடதாசியை மடித்து வைத்தேன்.

எதற்கும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு மேல்மாடி. மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். எனக்கு முன்னே போன சந்தைக்காரி சிரித்துக்கொண்டு வெளியே வந்து என் தோளில் தட்டினாள்.

"மூண்டு வருசமும் எந்த நிதியிலை சம்பளம் எடுத்தனீங்கள்?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"பூங்கா நிதி, சேர்."

"அது சபையின்ரை நிதி இல்லையே. நன்கொடை நிதி."

பக்கத்தில் இருந்த அம்மா பட்டியல்களைப் புரட்டினார். அவருக்கு என்னை எடுக்க விருப்பம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். திரும்பத் திரும்பத் தேடினார். "இந்த மூண்டு வருசத்திலை சபை நிதியாலை இவவுக்கு ஒரேயொரு அரை நாள்தான் போயிருக்கு" என்றார். "அது என்ன அரை நாள்?"

"வாய்க்கால் அடைச்சது அம்மா" என்றேன்.

ஒருவர் சிரித்தார். ஏளனமாக இல்லை. நான் அந்த அறையில் சொன்னது அவ்வளவுதான். "சரி, போட்டு வாங்கோ" என்றார்கள்.  எங்கள் பக்கத்துத் திருநெல்வேலி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இருக்க இடம் இருந்தது. இருக்க வேண்டுமென்று தோன்றவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அந்தப் பிள்ளை பூங்காவுக்கு வந்தாள். சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவரவில்லை. ஊஞ்சலில் இருந்துகொண்டு அழுதாள்.

"நான்தான் அக்கா உங்களை மாத்தினது. நான் மாத்தாமல் விட்டிருந்தால் நீங்களும் அவையோடை ஒரு ஆள்."

"நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள். அண்டைக்கு அந்தக் காசு வராட்டி இவருக்கு மருந்தில்லை."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. பேசுங்கோ என்னை."

யாரையும் ஏசிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு வழி இருக்கிறது என்றாள். கணக்காளரோடு அவள் காலையிலிருந்து வாதாடியிருக்கிறாள். அந்த அரை நாளுக்குச் செய்ததைப் போல, மூன்று வருடச் சம்பளத்தையும் சபை நிதி பூங்கா நிதிக்குத் திருப்பிக் கட்டினால் என் கூலி முழுவதும் சபை நிதியின் செலவாகிவிடும். நானும் சபை ஊழியர் ஆகிவிடுவேன். கணக்காளர் முதலில் முடியாது என்றாராம். முடிந்த வருடங்களின் கணக்கு கணக்காய்வு பார்த்துக் கையெழுத்தானது. அதைத் திறக்க முடியாது. பிறகு யோசித்துவிட்டு ஒன்று சொன்னாராம். நன்கொடை எழுத்தில் 'பராமரிப்பு' என்றுதான் இருக்கிறது, ஆளுக்குச் சம்பளம் என்று இல்லை. கொடுத்தவரே வந்து, 'என் தாயின் காசைச் சம்பளத்துக்கு எடுத்தது பிழை, திருப்பி வையுங்கள்' என்று ஒரு கடிதம் தந்தால், நடந்த பிழையைத் திருத்துவதாக இந்த வருடக் கணக்கில் பதியலாம்.

"அவர் காசைத் திருப்பிக் கேக்கோணும் அக்கா. அவ்வளவுதான். நல்லூர்த் திருவிழாவுக்கு வாறாராம். பூங்காவுக்கும் வருவார்."

"நீங்கள் சொல்லுவியளோ பிள்ளை?"

"நான் கந்தோர் ஆள். எங்களிட்டையிருந்து காசைத் திருப்பிக் கேளுங்கோவெண்டு நானே எப்பிடிச் சொல்லுறது? நீங்கள்தான் சொல்லோணும்."

வீட்டில் என் கணவர் எனக்குப் பயிற்சி தந்தார். கதிரையில் நிமிர்ந்து இருந்து, கோலை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் கனடாக்காரன். சொல்லு பாப்பம்" என்றார்.

"தம்பி, நீங்கள் உங்கடை காசைத் திருப்பிக் கேக்கோணும்."

"என்னப்பா, கள்ளரைப் பிடிச்சுத் தந்த மாதிரிச் சொல்லுறாய்! அந்தாள் பயந்து அடுத்த பிளேனிலை ஏறிடும். மெல்லச் சொல்லு."

விழுந்த பிறகு அவர் அப்படிப் பகிடி விட்டது அந்த நாட்களில்தான். ஒவ்வொரு நாளும் சோறு தின்ற பிறகு கனடாக்காரராக மாறுவார். சில வேளை கோபக்காரக் கனடாக்காரர், சில வேளை காது கேளாத கனடாக்காரர். எனக்குச் சொல்ல வந்துவிட்டது.

கனடாக்காரர் வந்த அன்று சபைத் தவிசாளர், செயலாளர், கந்தோர் ஆட்கள் எல்லோரும் பூங்காவில் நின்றார்கள். படம் எடுக்க ஒருவர். சந்தைக்காரிகளும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அவர் என்னைவிடக் கொஞ்சம் இளையவர், மெலிந்த மனுசர். பூமரங்களைப் பார்த்து, "இவ்வளவையும் ஆர் பாக்கிறது?" என்று கேட்டார். செயலாளர் என்னைக் காட்டினார். அவர் நேரே என்னிடம் வந்து கைகூப்பினார். "அக்கா, அம்மாவின்ரை இடத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள்."

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பிள்ளை பின்னாலிருந்து தலையை ஆட்டினாள். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் சொன்னேன். என் சம்பளம் அவருடைய தாயின் காசிலிருந்து போவதையும், அதனால் நான் சபை ஆள் இல்லை என்று ஆகிவிட்டதையும், அவர் அந்தக் காசைத் திருப்பிக் கேட்டால் எனக்கு நிரந்தரம் கிடைக்கும் என்பதையும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தலையைக் குனிந்து, காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டார்.

கேட்டு முடிய அவர் கண் கலங்கிவிட்டது.  அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"அக்கா" என்றார். "உங்களுக்குத் தந்த சம்பளத்தை நான் திருப்பிக் கேக்கிறதோ? அம்மா என்னை மன்னிப்பாவோ? வீட்டுக்கு வேலைக்கு வந்த ஒருத்தரையும் அவ வெறுங்கையோடை அனுப்பினதில்லை."

"இல்லைத் தம்பி, அது எனக்குத் தாறது இல்லை. சபை உங்கடை நிதிக்குத்தான்…"

"எனக்கு விளங்குது அக்கா. வட்டி குறைஞ்சிட்டுது, சம்பளம் நிண்டிடுமெண்டு பயப்பிடுறியள்." அவர் செயலாளர் பக்கம் திரும்பினார். "இவவின்ரை சம்பளம் ஒருநாளும் நிக்கக்கூடாது. வட்டி காணாட்டி நான் இன்னும் போடுறன். இண்டைக்கே எழுதித் தாறன். ஆளின்ரை சம்பளமும் அதுக்குள்ளை அடக்கமெண்டு தெளிவா எழுதித் தாறன்."

தவிசாளர் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்களும் தட்டினார்கள். படம் எடுப்பவர் என்னை அவருக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். கணக்காளர் மட்டும் தட்டவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு கேற்றுப் பக்கம் நடந்துபோவது தெரிந்தது.

இல்லை என்று அந்த நேரத்தில் இன்னொருமுறை சொல்லியிருக்கலாம் என்று என் கணவர் பிறகு சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை. கண்ணீரோடு காசு தருகிற ஒரு மனுசரிடம், அத்தனை பேருக்கு முன்னால், உங்கள் காசு எனக்கு வேண்டாம், என்னைச் சபையிடம் விடுங்கள் என்று எப்படிச் சொல்வது? அது அவர் காதில் வேறு விதமாகத்தான் விழும். நான் கைகூப்பினேன்.

அன்று பின்னேரமே அவர் கந்தோரில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். 'பராமரிப்பு' என்ற சொல்லுக்குப் பிறகு 'பராமரிக்கும் ஆளின் வேதனம் உட்பட' என்று இப்போது இருக்கிறது. சம்பளம் கொடுத்தது பிழை என்று இனி எவரும் சொல்ல முடியாது. கணக்கில் ஒரு இடமும் பிழையில்லை. அந்த வருடக் கணக்காய்வில் பூங்கா நிதி மிக ஒழுங்காக நடத்தப்படுகிறது என்று எழுதினார்களாம். அந்தப் பிள்ளை அதை என்னிடம் சொன்னபோது முகத்தை மற்றப் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள்.

மற்றவர்களுக்கு நிரந்தரமாக்கின கடிதம் தை மாதம் வந்தது. சந்தைக்குப் பின்னால் இருக்கிற கட்டடத்தில் சின்னக் கொண்டாட்டம் வைத்தார்கள். ரோல்ஸும் சோடாவும். எனக்கும் சொல்லியிருந்தார்கள். போகாவிட்டால் எரிச்சலில் வரவில்லை என்று நினைப்பார்கள் என்று போனேன். ரக்ரர் அண்ணைக்குப் புது வெள்ளைச் சேட். என்னைக் கண்டதும் அவருடைய சிரிப்பு நின்றது. ஒரு ரோல்ஸை எடுத்து என் கையில் வைத்தார். ஏதாவது பகிடி விடுவார் என்று பார்த்தேன். "சாப்பிடு பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அவர் என்னைப் பகிடி விடாத முதல் நாள் அது. அதற்குப் பிறகும் விடவில்லை. எனக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பிள்ளை மாற்றம் கேட்டு வேறு சபைக்குப் போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை.

அறுபது வரைக்கும் எனக்குச் சம்பளம் வரும். ஒரு மாதமும் பிந்தாது. அறுபதில் கேற்றுத் திறப்பைக் கொடுத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். நிதி அங்கேயே இருக்கும், இன்னொருவர் வருவார். நானும் என் கணவரும் அதைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டோம். இரவில் சில வேளை அவர் தூங்காமல் கிடப்பது மூச்சில் தெரியும். நான் தூங்கினது போலக் கிடப்பேன்.

கனடாக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் என்னைக் கூப்பிடுகிறார். நான் தேவாலயத்தால் வந்து பூங்காவைத் திறந்த பிறகு. அவருக்கு அங்கே நடுச்சாமம் தாண்டிய நேரம். நித்திரை வராத நாட்களில் கூப்பிடுகிறார் போல. நல்ல மனுசர். ஒருநாளும் அதிகாரமாகக் கதைத்ததில்லை. சென்ற ஞாயிறு கூப்பிடும்போது இங்கே மழை. நான் கூரை போட்ட மூலையில் ஒதுங்கி நின்றேன்.

"இப்ப பயமில்லைத்தானே அக்கா?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி."

"அண்ணை எப்பிடி?"

"இருக்கிறார்."

 பிறகு, "அக்கா, அங்கை மழை பெய்யிற சத்தம் கேக்குது. ஒருக்காக் காட்டுங்கோவன்" என்றார். நான் போனைத் திருப்பி, நனையாமல் இருக்க ஒரு கையால் மறைத்துக்கொண்டு, அவர் போதும் என்று சொல்லும் வரைக்கும் மழையைக் காட்டிக்கொண்டு நின்றேன்.